பல்ராஜ் சாஹ்னியின் நடிப்பும் 'இயல்பு' என்னும் மதிப்பீடும்

இந்தித் திரைப்பட நடிகர் பல்ராஜ் சாஹ்னியின் (1913–1973) நடிப்பை 'இயல்பானது' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடும் போக்குத் திறனாய்வாளரிடையே நிலைபெற்றுள்ளது. இது பொருத்தமுடையதன்று. லாகூரில் ஆங்கில இலக்கியம் பயின்று, சாந்திநிகேதனில் ஆசிரியராகவும் இலண்டன் பி.பி.சி.யில் அறிவிப்பாளராகவும் பணியாற்றிய ஒருவருக்கு, பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953) படத்து உழவன் சம்பு முற்றிலும் அயலானே ஆவான். அவ்வயன்மையைக் கடக்கவே அவர் கல்கத்தாவில் கை ரிக்‌ஷா இழுக்கப் பழகினார். எனவே அப்படத்தில் காணப்படும் எளிமை பிறவிப்பேறன்று; உடலை வருத்தி ஈட்டியது. (படத்தின் பிற்பகுதி மிகையுணர்ச்சியில் சாய்வது வேறு செய்தி.) அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா'வில், பிரிவினையால் குடும்பம் சிதறிய ஆக்ராக் காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்சா, இறந்த மகளின்முன் அழாது நிற்கிறார். அந்நிலையும் இப்பயிற்சியின் தொடர்ச்சியே எனலாம். உரையாடல் மிகுந்த அக்கால இந்தித் திரையில் அதற்கு இணைகாண்பது அரிது.