தமிழ்99 விசைப்பலகையும் ‘புதிய பயனர்’ என்னும் கருதுகோளும்

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. கணித்தமிழ் குறித்த எழுத்துகள் இதனைக் கற்க எளியது என்றும் விரைவானது என்றும் ஒருசேரப் பாராட்டுகின்றன. இவ்விரு பண்புகளும் ஒரே பயனருக்கு உரியனவா என்பதே இங்கு எழும் வினா.

எளிமைக்கு அடிப்படை இல்லாமலில்லை. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகளில் தமிழ் அடங்கிவிடுகிறது. உயிர்கள் இடக்கைக்கும் மெய்களுள் பெரும்பாலானவை வலக்கைக்கும் உரியன. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய்யாகும் இலக்கண முறையே தட்டும் முறையுமாகிறது.

இடர் தானியங்கிப் புள்ளியில் தொடங்குகிறது. ஒரே மெய் அடுத்தடுத்து வரின் முதலாவது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும், ‘கங்கை’க்கும் நான்கே. தமிழின் இரட்டிப்பையும் மெய்ம்மயக்கத்தையும் நன்கறிந்து வகுத்த விதி இது. ஆயின் ‘பப்பாளி’ என்று எழுத முனையும் புதியவர் முதல் இரு பகரங்களிலேயே தடுமாறுகிறார். ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று இடையில் ஓர் அகரம் இட்டு விதியை முறிக்க வேண்டும் என்பது விசைகளைப் பார்த்து அறியக்கூடியதன்று. ‘நாடகக்கலை’ என அடிக்கடி எழுதும் ஆய்வாளரும் இதனைச் சந்தித்திருப்பர். கைதேர்ந்தவருக்கான குறுக்குவழி ஒன்று தொடக்கநிலையினருக்கான பலகையின் இயல்பு நிலையாகவே வைக்கப்பட்டுள்ளது. அதனை வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளுமாறு அமைத்திருப்பின் இரு சாராருக்கும் நன்றாயிருக்கும்.

இனி, தேர்ந்தவர் யார்? இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் மரபில் பயின்றவர் ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் இறுதியில் காலையும் தட்டுவார். கையெழுத்தின் வரிசையும் அதுவே. தமிழ்99 ஒலி வரிசையைக் கேட்கிறது. திருவள்ளூரில் அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் பயின்ற ஒருவர் இப்பலகைக்கு வரும்போது, விசைகளின் இடத்தோடு எழுத்தின் வரிசையையும் மறக்க வேண்டியவராகிறார். அவரது தயக்கத்தைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது நேர்மையன்று. விரல்கள் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய திறன் அது.

மறுமுனையில் உள்ளவரும் வெறும் பலகையோடு வருவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேரும் இளைஞர் கைப்பேசியின் ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒலிபெயர்த்துப் பழகியிருக்கக்கூடும். அவருக்கு ‘அம்மா’ ஐந்து தட்டல். ஆயினும் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு தட்டல் மிச்சம் என்னும் கணக்கு அவரிடம் எடுபடாது. எதையும் முன்னறியாத தூய புதியவரை முன்னிறுத்தி வகுத்த பலகைக்கு, 1999இலேயே அத்தகையோர் அருகியிருந்தனர். தமிழ்வழித் தொடக்கப்பள்ளியின் கணினி வகுப்பில் மட்டும் அவரை இன்னும் காணலாம். தமிழ்99ஐ மதிப்பிட விழையும் கள ஆய்வு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.