பழத்தோட்டத்து இரும்பு

கலிபோர்னியாவில் ஸ்டாக்டனைச் சுற்றியுள்ள டெல்டா மண்ணில் சக்கர டிராக்டர்கள் புதைந்து புதைந்து நின்றன. அதனால்தான் பெஞ்சமின் ஹோல்ட் 1904-இல் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடத்தை மாட்டிப் பார்த்தார். அந்த வம்சத்தில், கேட்டர்பில்லர் என்ற பெயரில், பழத்தோட்டங்களுக்கென்றே வந்த வண்டிகள் தனி அழகு. இருக்கை தாழ்ந்திருக்கும், கிளைகள் சிக்காதபடி தடத்தின் மேல் தகடு வளைந்து இறங்கும்.

இவற்றை மீட்பவர்களின் பொறுமை பெரிது. வருஷக்கணக்கில் மழையில் கிடந்த வண்டியில் ஸ்டீயரிங் கிளட்ச் தட்டுகள் துருவேறி ஒட்டிப்போயிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். தடத்தின் கண்ணிகளைக் கோக்கும் பின்னும் (pin) புஷ்ஷும் ஒரு பக்கமாகத்தான் தேயும். பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, அரைச்சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும். எவ்வளவு அருமையான ஏற்பாடு! கேட்டர்பில்லர் டி2 வண்டியில் இன்னொரு சுவை: டீசல் இன்ஜினைக் கிளப்பவே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று கூடவே உண்டு. அதில் சூடேறும் தண்ணீர் பெரிய இன்ஜினையும் வெதுவெதுப்பாக்கும்.

கடைசியில் பெயின்ட். கேட்டர்பில்லர் மஞ்சளுக்கு மாறியது 1931 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய வண்டி கையில் கிடைத்தால், தயவுசெய்து சாம்பல் நிறமே அடியுங்கள்.