இழவு வீட்டு நையாண்டி

2011 அக்டோபர் கடைசியில் ஹாலிவுட் நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸ் கொடுத்த ஹாலோவீன் விருந்தில் ஒரு தட்டு வைக்கப்பட்டது. மாட்டு விலா, பன்றிக்கறி, கோழி சாசேஜ் எல்லாவற்றையும் ஒரு பிணம்போல அடுக்கி, பக்கத்தில் பெயர்ச்சீட்டும் வைத்திருந்தார்கள்: ஏமி வைன்ஹவுஸின் சடலமாம். லண்டன் கேம்டனில் தன் வீட்டில் 27 வயதில் அந்தப் பாடகி இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படம் திரும்பவும் சுற்றுக்கு வந்து வசவு விழுந்த பிறகு, 2022இல் ஹாரிஸ் மன்னிப்புக் கேட்டார்.

இம்மாதிரிச் சமயங்களில் முதலில் எழும் கண்டனம், ‘அதற்குள்ளாகவா?’ என்பது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாயைக் கட்டு, பதினேழாம் நாள் அவிழ்த்துவிடு என்றால் அதற்குப் பெயர் மரியாதையா, நாட்காட்டியா? தட்டின் குற்றம் வேறு. அந்த விருந்துக்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 26 அன்று, மரண விசாரணையின் முடிவு வந்திருந்தது. 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்தில் வண்டியோட்ட அனுமதிக்கும் அளவு 80. சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் உடம்பில் இல்லை. ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கிய குரல் குடியில் முடிந்த கதையில் கசப்பாகச் சிரிக்கக்கூட இடமிருக்கிறது. ஆனால் தட்டுக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. சீட்டில் வேறு யார் பெயரை எழுதியிருந்தாலும் அதே கறி, அதே சிரிப்பு.

ஆண்டி ரூனி விஷயம் இவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதல்ல. 1994 ஏப்ரலில் நிர்வானா இசைக்குழுவின் கர்ட் கோபேன் 27 வயதில் தன்னை மாய்த்துக்கொண்டபோது, சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் கடைசிச் சில நிமிடம் பேசும் ரூனிக்கு வயது 75. இரண்டாம் உலகப் போரில் செய்தியாளராக இருந்தவர். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸோடு கோபேன் நிற்கும் படத்தைக் காட்டி, அந்தக் கிழிசல் விழும் அளவுக்கு இந்த ஆள் வேலை செய்திருப்பாரா என்று சந்தேகப்பட்டார். நையாண்டி என்ற வகையில் கச்சிதமானது. ஒரு தலைமுறையின் எரிச்சல் முழுவதும் ஒரு துணிக் கிழிசலுக்குள் அடங்கிவிட்டது. கோளாறு என்னவென்றால், அபர்டீன் என்ற மரம்வெட்டி ஊரில் பள்ளிக்கூடத் தரை துடைக்கும் வேலை பார்த்தவர் கோபேன். அடுத்த வாரமே ரூனி மன்னிப்புக் கேட்டார். நிர்வானா என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தவர், தன்னைத் திட்டி வந்த கடிதங்களை வாசித்தார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் பாட்டைக் கேட்காமல் பாடகனை அளந்தது அளந்ததுதான்.

இப்போது லெனன். 1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்ஃபிஸில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 42 வயதில் இறந்தார். எல்விஸ் பட்டாளத்தில் சேர்ந்த அன்றே செத்துவிட்டார் என்ற பொருளில் லிவர்பூலிலிருந்து வந்த பாடகர் ஜான் லெனன் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. கேட்டவுடன் சுருக்கென்று தைக்கும். ஆனால் இதற்குள் ஒரு வாதம் இருக்கிறது, அதைச் சரிபார்க்கவும் முடியும். எல்விஸ் பட்டாளத்துக்குப் போனது 1958 மார்ச்சில், திரும்பியது 1960இல். அதன் பிறகு 1969க்குள் 27 படங்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இதுவரை லெனன் பக்கம். ஆனால் 1968 டிசம்பரில் என்பிசி ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் கறுப்புத் தோலுடையில் வந்து பாடிய ஆளைச் செத்தவர் என்று எப்படிச் சொல்வது? மறு வருஷம் ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஆகவே லெனன் சொன்னது தப்பு. இருந்தும் நான் அவர் கட்சிதான். எல்விஸைக் கேட்டுத்தான் லிவர்பூல் பையன் பாட வந்தான். தன்னை உண்டாக்கியவன் பாதியில் கைவிட்டுப் போனான் என்ற கோபம் அது. ஒப்பாரியில் பிணத்தைப் பார்த்து ஏசுகிறவள் யார்? பறிகொடுத்தவள்தானே. வேடிக்கை பார்க்க வந்தவளுக்கு அந்த வரி வாயில் வராது.

‘தொழிலுக்கு நல்லதுதான் செய்தார்’ என்று எல்விஸ் சாவைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. ஆளாளுக்கு ஒருவர் பேரில் ஏற்றிச் சொல்வார்கள். இதையும் நான் பாஸ் செய்வேன். அடி விழுவது செத்தவர்மேல் அல்ல, எல்விஸின் வருமானத்தில் பாதிவரை கமிஷன் எடுத்த மேனேஜர் டாம் பார்க்கர் வகையறாமேல். 1982இல் கிரேஸ்லாண்ட் வீட்டை டிக்கெட் போட்டுத் திறந்தார்கள். இன்றும் வரிசை நிற்கிறது.

இந்த நையாண்டிகளில் ஆக உயரத்தில் நான் வைப்பது இசை விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் எழுதிய அஞ்சலியை. எல்விஸ் இறந்து இரண்டு வாரத்துக்குள் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் வந்தது. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதிப் பழகிய கை அதைத் தொட்டால் சுடும். ரசிகனை மதிக்காமல் போனது கலைஞன் செய்யக்கூடிய பெரும் பாவம் என்று எல்விஸை நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார். அதே மூச்சில், நாம் எல்லோரும் சேர்ந்து ஒருவரை நேசித்தது இதுவே கடைசி என்றும் சொல்லிவிடுகிறார். பிறகு வந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அதை மறுப்பது கஷ்டம். மரியாதைக் குறைவாகத் தொடங்கும் கட்டுரை, படிக்கிற நம்மிடமே விடைபெற்று முடிகிறது.

பாங்ஸும் 1982இல், 33 வயதில், போய்ச் சேர்ந்தார். விமர்சகர் கிரெயில் மார்கஸ் 1987இல் கொண்டுவந்த பாங்ஸ் தொகுப்பில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அடுத்த முறை ஒரு பாடகர் இறந்து, உங்களுக்கு ஒரு ஜோக் தோன்றினால், அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டுரையை ஒருதரம் படித்துவிடுங்கள்.