ஆப்பிரிக்க அமெரிக்கப் புதினங்களில் அகநிறப் பாகுபாடு

தமிழ்த் திறனாய்வில் 'நிறவெறி' என்னும் சொல் பெரும்பாலும் வெள்ளையர் கறுப்பின மக்கள்மீது செலுத்திய ஒடுக்குமுறையையே குறித்து வருகின்றது. கறுப்பின மக்களுக்குள்ளேயே வெளிர்நிறத்தாரை உயர்த்தியும் கருநிறத்தாரைத் தாழ்த்தியும் நோக்கும் வழக்கம் இச்சொல்லினுள் மறைந்துவிடுகின்றது. ஆலிஸ் வாக்கர் 1983இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் இவ்வழக்கத்தைத் தனியே பெயரிட்டு வரையறுத்தார். தமிழில் இதனை 'அகநிறப் பாகுபாடு' எனலாம். வெள்ளையர் அழகுநெறியின் தாக்கம் என்று மட்டும் கூறி இதனை விளக்கிவிட இயலாது. அந்நெறியைக் குடும்பமே, குறிப்பாகத் தாயே, நடைமுறைப்படுத்துவதைப் புதினங்கள் காட்டுகின்றன.

வாலஸ் தர்மனின் 'தி பிளாக்கர் தி பெர்ரி' (1929) என்னும் புதினத்தின் தலைமை மாந்தர் எம்மா லூ. தலைமுறைதோறும் நிறம் வெளிர வேண்டும் என விழையும் தாய்வழிக் குடும்பத்தில் அவள் கருநிறத்துடன் பிறக்கிறாள். ஆணாயின் இந்நிறம் இத்துணைக் குறையாகாது என்பதும் அவளுக்கு உணர்த்தப்படுகின்றது. எனினும், கல்லூரியில் தன்னையொத்த கருநிற மாணவி ஹேசலை அவளே இழிவாக எண்ணி விலகுகிறாள். பாதிக்கப்பட்டவளே பிறரை அளக்கும் கோலையும் ஏந்தி நிற்பது இங்கு நோக்கத்தக்கது.

டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) இக்கோலை ஊர் முழுவதன் கையிலும் காண்கின்றது. பெகோலாவின் தாய் பாலின், திரைப்படங்களின்வழி அழகைக் கற்றவள். தான் பணிபுரியும் வெள்ளையர் வீட்டுச் சிறுமிக்குக் காட்டும் பரிவைத் தன் மகளுக்குக் காட்டாதவள். பள்ளியிலோ வெளிர்நிற மொரீன் பீல் போற்றப்படுகிறாள். நீலக்கண் பொம்மையைச் சிதைத்த கிளாடியாவும், பெகோலாவின் 'அழகின்மை'யைக் கொண்டே ஊரார் தம்மை அழகராக்கிக்கொண்டனர் என்றும், அவருள் தானும் ஒருத்தி என்றும் உணர்கிறாள்.

மாரிசனின் 'காட் ஹெல்ப் தி சைல்ட்' (2015) தாயின் தன்விளக்கத்துடனேயே தொடங்குகின்றது. வெளிர்நிறத் தாய் தன் கருநிற மகளைத் தொடவும் தயங்குகிறாள். 'அம்மா' என அழைக்கவிடாது 'ஸ்வீட்னஸ்' என அழைக்கச் செய்கிறாள். பொதுவிடங்களில் நேரும் இழிவுகளிலிருந்து ஓரளவேனும் மானம் காக்க வெளிர்நிறம் உதவியது என்பது அவள் வாதம். வாடகைக்கு வீடு கிடைப்பதற்கும் மகளின் நிறம் இடையூறாகின்றது. இவ்வாறு நிறவிருப்பம் வெறும் சுவை சார்ந்ததன்று, வாழ்வுரிமை சார்ந்த கணக்கு என்பது வெளிப்படுகின்றது. மகள் பிரைட் பின்னர் ஒப்பனைப்பொருள் நிறுவனத்தில் உயர்கிறாள். வெண்ணிற ஆடைகளையே அணிந்து தன் கருமையை எடுத்துக்காட்டி ஊராரின் பாராட்டைப் பெறுகிறாள். ஆயினும், தாயின் தொடுகைக்கு ஏங்கிச் சிறுவயதில் அவள் உரைத்த பொய்ச்சான்று அவளை விட்டு நீங்கவில்லை. சந்தை அளித்த அழகு, தாய் மறுத்ததை ஈடுசெய்யவில்லை.

இம்மூன்று புதினங்களையும் நிறவெறி எதிர்ப்பு இலக்கியம் என்னும் ஒரே வகைமையுள் அடக்கினால், ஒடுக்கப்பட்டோர் தம் குழந்தைகளுக்கே இழைக்கும் தீங்கு திறனாய்வின் பார்வைக்கு எட்டாது போகும். வெளியிலிருந்து வந்த ஒடுக்குமுறையையும், அது தாயின் அச்சமாக வீட்டினுள் தங்கிவிடும் நிலையையும் வேறுபடுத்தி ஆராய்தல் இப்புதினங்களின் ஆய்விற்கு இன்றியமையாததாகும்.