நிழற்படத்து மருத்துவர்

மருத்துவர்கள் வெள்ளைக் கோட்டைக் கைவிடக் கூடாது என்போருக்கு இன்று மிகப் பெரிய ஆதாரம், 2018இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. பத்துக் கல்வி மருத்துவமனைகளில் 4,062 நோயாளிகளிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மருத்துவரின் உடை தங்களுக்கு முக்கியம் என்றவர்கள் 53 விழுக்காடு. சிகிச்சையில் கிடைக்கும் மனநிறைவையே அது பாதிக்கிறது என்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். நேர்த்தியான உடையும் அதன்மேல் வெள்ளைக் கோட்டும் அணிந்தவருக்கே அதிக மதிப்பெண். நோயாளிகளின் விருப்பம் தெரிந்துவிட்டது, இனி அதன்படி உடை விதிகளை வகுக்கலாம் என்று வாதம் முடிகிறது.

ஆய்வின் அளவும் பரப்பும் மதிக்கத் தக்கவை. முதியவர்களிடம் கோட்டின் மீதான பற்று கூடுதல் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. நோயில் படுத்திருப்பவர், தன் கட்டிலருகே வந்து நிற்பவர் மருத்துவரா வேறு யாருமா என்று அறிய விரும்புவது நியாயம். கிருமிகளைக் காட்டிக் கோட்டை எதிர்ப்பவர்களின் வாதமும் முழுமையானதல்ல. மேரிலாந்தில் 149 பேரின் கோட்டுகளைச் சோதித்தபோது 23 விழுக்காட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது உண்மை. ஆனால் டென்வரில் புதிதாகத் துவைத்த அரைக்கைச் சீருடையையும் பழைய கோட்டையும் ஒப்பிட்டபோது, எட்டு மணி நேர வேலைக்குப் பின் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கிருமிகள்தான் இருந்தன. கிருமியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

என் மறுப்பு கேள்வி கேட்ட முறையைப் பற்றியது. நோயாளிக்கு இந்த ஆய்வு காட்டியது மருத்துவரை அல்ல, படத்தை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏழு விதமான உடைகளில் நிற்கும் படங்கள். இவர் அறிவுள்ளவரா, நம்பத் தக்கவரா, அக்கறையுள்ளவரா, எளிதில் அணுகக் கூடியவரா, இவரிடம் உங்களுக்குக் கூச்சமின்றி இருக்குமா என்று ஐந்து கேள்விகள். படத்தில் இருப்பவர் பேசுவதில்லை, நாடி பிடிப்பதில்லை, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுமில்லை. அவர் அக்கறையுள்ளவரா என்று கேட்டால், எவரும் தன் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் மருத்துவர் உருவத்தைத்தான் பதிலாகத் தர முடியும். பழக்கத்தை அளந்துவிட்டு அதற்கு விருப்பம் என்று பெயரிடுவது ஆய்வுப் பிழை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விதி எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

உண்மையான சந்திப்புகளில் என்ன நடக்கிறது? 2007இல் வெளியான நியூ ஜெர்சி ஆய்வில், மகப்பேறு புறநோயாளிப் பிரிவு மருத்துவர்கள் ஒரு காலத்தில் நேர்த்தியான உடையிலும் இன்னொரு காலத்தில் சாதாரண உடையிலும் வேறொரு காலத்தில் ஸ்க்ரப்ஸ் எனப்படும் தளர்வான மருத்துவமனைச் சீருடையிலும் வேலை செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மனநிறைவில் உடையால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 1998இல் ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. டை கட்டாத மருத்துவரிடம் காட்டிய நோயாளிகளில் கால்பங்குக்கும் மேற்பட்டோர், அவர் டை கட்டியிருந்ததாகச் சொன்னார்கள். டை கட்டியிருந்ததாக நினைத்தவர்களே அவருடைய தோற்றத்துக்குக் கூடுதல் மதிப்பும் தந்தார்கள். உடையைப் பார்த்து மதிப்புப் பிறக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். மதிப்புப் பிறந்த பிறகு மனம் உடையை மாட்டிவிடுவதும் உண்டு. நிழற்பட ஆய்வால் இதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 2021இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வந்த ஆய்வில், ஆணும் பெண்ணும் ஒரே விதமாக உடுத்தியிருந்தும், படத்தில் இருந்த பெண் மருத்துவரைச் செவிலியராகவோ தொழில்நுட்பராகவோ எண்ணியவர்கள் அதிகம். பதிலளித்தவர்களின் மனத்தில் இருந்த மருத்துவர் உருவம் கோட்டு அணிந்தது மட்டுமல்ல, ஆணுடையதும்கூட. நோயாளியின் முதல் எண்ணமே அளவுகோல் என்றால், அந்த எண்ணத்தையும் மருத்துவமனை ஏற்க வேண்டும். யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அப்படியானால் முதல் எண்ணம் தன்னளவில் எதற்கும் நியாயமாகாது என்பதை எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். கோட்டு விஷயத்தில் மட்டும் அதே எண்ணத்தை நோயாளியின் உரிமை என்று உயர்த்துவது, தமக்குப் பிடித்த முடிவுக்கு நோயாளியைச் சாட்சியாக இழுப்பதுதான்.

சாட்சி மாறவும் செய்கிறார். பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தொற்று பற்றிய விவரங்களைச் சொன்ன பிறகு அதே நோயாளிகள் ஸ்க்ரப்ஸையும் அரைக்கைச் சட்டையையுமே மிகப் பொருத்தமானவை என்றார்கள். சில நிமிட விளக்கத்தில் மாறக் கூடிய ஒன்றை நிலையான விருப்பமாகக் கொண்டு ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் விதியை எப்படி எழுதுவது? இங்கிலாந்து 2007இல் முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்ற விதியை அறிவித்தது. முழுக்கை வெள்ளைக் கோட்டு வார்டுகளிலிருந்து விலகியது. நம்பிக்கை கோட்டில்தான் இருந்தது என்றால் அங்கே அது சரிந்திருக்க வேண்டும். ஆனால் எந்தத் தொழிலினர் உண்மை பேசுவார்கள் என்று ஆண்டுதோறும் கேட்கும் இப்சாஸ் கருத்துக் கணிப்பில் மருத்துவர்கள் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நோயாளி உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதற்கு ஆதாரம் தேடுவோர் கேட் கிரேஞ்சரைப் படிக்கட்டும். முதியோர் மருத்துவரான அவர் புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னிடம் வந்த ஊழியர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். 2013இல் அவர் தொடங்கிய இயக்கம் கேட்டது ஒன்றுதான்: வணக்கம், என் பெயர் இன்னது என்று சொல்லுங்கள். நோயாளியின் இடத்திலிருந்து, ஒரு மருத்துவரே வைத்த கோரிக்கை இது. அதில் உடை இல்லை.

உடை சுத்தமாக இருக்கட்டும். பெயரும் பொறுப்பும் எட்ட நின்று படிக்கும் அளவு பெரிய எழுத்தில் மார்பில் இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு மருத்துவமனைக்கு நோயாளியின் கருத்து வேண்டுமென்றால், மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கேட்கட்டும். அவர் சொன்னதைக் கேட்டாரா, புரியும்படி விளக்கினாரா என்று கேட்கட்டும். படத்தைக் காட்டிப் பெற்ற மதிப்பெண்ணை வைத்து உடை விதி எழுதும் நிர்வாகம் நோயாளியின் பெயரைப் பயன்படுத்துகிறதே தவிர, நோயாளியின் பேச்சைக் கேட்கவில்லை.