பட்டா உள்ளவருக்குக் கடன், பயிர் வைத்தவருக்கு?

1951-52-ல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம்தான் என்று தெரியவந்தது. வணிக வங்கிகளின் பங்கு அதற்கும் கீழே. மற்றதில் பெரும்பகுதி வட்டிக்காரர் கொடுத்தது. 2019-ல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கிலோ, வேளாண் குடும்பங்களின் நிலுவைக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அரசு அமைப்புகளிலும் வாங்கியதாக இருந்தது.

இது தானாக நடந்துவிடவில்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1982-ல் நபார்டு வந்தது, 1998-ல் கிசான் கிரெடிட் கார்டு. வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தந்தாக வேண்டும் என்ற விதியும் உறுதியாக நின்றது. இன்று 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 4. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வெளியில் மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியவர் ஆறு மாதத்தில் 9,000 ரூபாயை வட்டியாக மட்டும் கொடுக்கிறார். சிறு விவசாயிக்கு அது ஒரு போகத்தின் லாபமாகவே இருக்கலாம். ஆகவே இந்த ஏற்பாட்டின் பயனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தச் சலுகை யார் கைக்குப் போகிறது? பயிர்க்கடன் கேட்டுப் போனால் சங்கத்தில் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். காவிரி டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலத்தையும் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலத்தைத் திரும்ப வாங்க முடியாதோ என்று உரிமையாளர் அஞ்சுகிறார். பதியச் சொன்னால் அடுத்த ஆண்டு குத்தகையே கிடைக்காது என்று உழுபவர் அஞ்சுகிறார். அதனால் அடங்கலில் பட்டாதாரர் பெயரே விழுகிறது. சேற்றில் கால் வைக்காதவர் அந்தத் தாளைக் காட்டி வட்டியில்லாக் கடன் வாங்கலாம். நாற்றுவிட்டு, நடவுக்கூலி கொடுத்து, உரம் வாங்குபவர் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் இதே தாளைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. இந்த அமைப்பின் ஆகப்பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

குத்தகைதாரர்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் தரும் வழி இருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் ஒருவர் தவறினால் சுமை மற்றவர் தலையில் விழும். ஆந்திரம் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, 11 மாதத்துக்கு அட்டை தந்தது. நில உரிமைக்கு அதனால் பாதகம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. இருந்தும் உரிமையாளரின் ஒப்புதல் தேவை என்ற நிபந்தனையில் அது சிக்கிக்கொண்டது.

பட்டா இல்லாதவருக்கும் திறந்திருக்கும் கதவு நகைக்கடன். தமிழ்நாட்டில் வேளாண் கடன் என்று வங்கிக் கணக்கில் ஏறுவதில் இதற்குப் பெரிய இடம் உண்டு. காலையில் சங்கிலியைக் கொண்டுபோனால், மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி எடை போட்டு, மதியத்துக்குள் பணம் கைக்கு வந்துவிடும். நடவு ஆட்கள் கூலிக்குக் காத்திருக்கும் நாளில் இந்த வேகத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் விளைச்சலின் ஆபத்து முழுவதும் வீட்டுப் பெண்ணின் கழுத்துக்கு மாறிவிடுகிறது. வறட்சி வந்தால் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணையை நீட்டிக்க வழியுண்டு. நகைக்கடன் வாங்கியவருக்கு வருவது பெரும்பாலும் ஏல நோட்டீஸ். மகள் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் வைத்த நகைகூட வேளாண் கடனாகப் பதிவாகும்போது வங்கியின் இலக்கு நிறைகிறது, வயலுக்குப் போன பணம் எவ்வளவு என்பது தெரியாமலே போகிறது.

காலமும் ஒரு சிக்கல். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்குப் பணம் உடனே வேண்டும். பழைய கடனைக் கட்டினால்தான் புதுக்கடன். நெல் விற்ற பணம் வேறு செலவில் கரைந்திருக்கும். அப்போது தெரிந்தவரிடம் இரண்டு மூன்று நாளுக்குப் பணம் புரட்டிச் சங்கத்தில் கட்டி, புதுக்கடன் வந்ததும் கமிஷனோடு திருப்பிக் கொடுப்பது ஊர்களில் பழகிப்போன ஏற்பாடு. புத்தகத்தில் வசூலும் பட்டுவாடாவும் அழகாக இருக்கும். விதை வாங்கப் புதிதாக வந்த பணம் சொற்பம்.

கடன் தள்ளுபடிகளையும், பயன் யார் கைக்குப் போகிறது என்ற கண்ணோடு பார்க்க வேண்டும். 2021-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. புயலிலும் கொரோனாவிலும் நொந்தவர்களுக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. அதை வீண் செலவு என்று ஏசுவோருடன் நான் உடன்படவில்லை. ஆனால் கைமாற்றில் மூழ்கிய குத்தகை விவசாயிக்குத் தள்ளுபடி செய்யச் சங்கத்தின் புத்தகத்தில் கணக்கே இல்லை.

வேளாண் கடன் இலக்கை ஆண்டுதோறும் சில லட்சம் கோடி ஏற்றிக்கொண்டே போவதால் இந்தக் குறை தீராது. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதை இப்போது கைபேசியிலேயே பதிகிறார்கள். அதே வேளையில் பயிர் வைத்தவரின் பெயரையும், உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்காமல், அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லும்படி பதிய அரசு சட்டம் செய்யட்டும். அந்தப் பதிவையே ஆதாரமாக ஏற்றுச் சங்கம் கடனும் காப்பீடும் தரட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்து சேரும் தேதியைக் கடனின் கெடுவாக வைக்கட்டும்.