பயிற்சி யார் கையில்? சென்னை, யாழ்ப்பாணம், கிள்ளான்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் வேர் இரண்டு கரைகளில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் குடியேறின. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால்மரம் சீவ வந்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்தார். இரண்டு பக்கமும் சொந்தம் இருப்பதால், வீட்டில் ஆட்டிசமோ, டவுன் சிண்ட்ரோமோ, பெருமூளை வாதமோ உள்ள பிள்ளை வளரும்போது, “அங்கே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்ற விசாரிப்பு இன்றும் தொடர்கிறது. விசாரித்துப் பார்ப்பது நல்லதுதான். இரண்டு இடங்களிலும் நாம் கற்க வேண்டியது உண்டு.

தமிழகத்தில் இந்த வேலையைப் பெரிதும் முன்னெடுத்தவர்கள் பெற்றோரும் தொண்டு அமைப்புகளும்தான். பெருமூளை வாதமுள்ள மகனை வளர்த்த பூனம் நடராஜன் என்ற தாய் 1985இல் சென்னையில் தொடங்கிய மையம்தான் இன்றைய வித்யாசாகர். தி.நகரில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், சிறு வயதிலேயே பயிற்சியைத் தொடங்குவதற்குப் பெயர் பெற்றது. அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மாவும் கூடவே உட்கார வேண்டும். ஆசிரியர் செய்வதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே தானும் செய்து பழகி, வீட்டில் அதைத் தொடர வேண்டும்.

அப்படிப் பழகும் ஒன்றைப் பார்ப்போம். பிள்ளைக்குக் கால்சட்டை போடக் கற்றுத்தர வேண்டும். அம்மா இரண்டு கால்களையும் நுழைத்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டு நிறுத்துகிறார். கடைசி இழுப்பு மட்டும் பிள்ளையுடையது. அது கைவந்ததும் முழங்காலில் நிறுத்துகிறார். பிறகு கணுக்காலில். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பதால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த பெருமை பிள்ளைக்குக் கிடைக்கிறது. தினமும் காலையில் எப்படியும் உடுத்தத்தான் வேண்டும். அந்த நேரமே பயிற்சி நேரமாகிவிடுகிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் மையம் வரை போய்ச்சேரும் பாடு பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. வேலையை விட்டு, பிள்ளையை இடுப்பில் சுமந்து, பேருந்து மாறிப் போகிறவர் அவர்தான்.

இலங்கையில் நடை எதிர்த்திசையில் தொடங்குகிறது. அங்கே பிள்ளை பிறந்த வீட்டுக்கு அரசின் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வருகிறார். பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தைப் பார்த்து, தலை நின்றதா, உட்கார்ந்ததா என்று விசாரிக்கிறார். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்களும் ஊர்த் தொண்டர்களும் சமுதாயம் சார் புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ் இயங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்த்த அந்த முறையில் கருவியும் ஊரிலேயே கிடைப்பதுதான். முற்றத்தில் நான்கு கம்புகளை நட்டு, மேலே இரண்டு மூங்கில்களைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கட்டினால் நடைப்பயிற்சிக் கம்பி தயார்.

பள்ளிகளும் உண்டு. கைதடியில் 1956இல் தொடங்கிய நஃபீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கானது. கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் 2004இல் தொடங்கிய சிவபூமி பாடசாலை மனவிருத்தி குன்றிய பிள்ளைகளுக்கானது. மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் அங்கே 1996லேயே வந்துவிட்டது. குறை எங்கே என்றால், வீட்டு வாசலுக்கு வருபவர் பெரும்பாலும் நிபுணர் அல்லர். பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆக, சென்னையில் திறமை மையத்தில் குவிந்திருக்கிறது. இலங்கையில் அக்கறை வாசல் வரை வருகிறது. இரண்டையும் இணைக்க முடியும் என்பதற்குத் தமிழகத்தின் ஆய்க்குடி சான்று. எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. பின்னால் இருந்து நிபுணர்கள் வழிகாட்டுகிறார்கள்.

மலேசியாவிலும் அடித்தளம் இருக்கிறது. சமூக நல இலாகாவின் பிடிகே எனப்படும் சமுதாயம் சார் புனர்வாழ்வு மையங்கள், இலங்கை பின்பற்றும் அதே முறையில் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியவை. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்கி வரும் முறை, ஒரு வட்டாரமே மாற்றுத்திறனாளிகளோடு இயல்பாக வாழப் பழகலாம் என்று காட்டுகிறது.

நமக்குத் தடையாக இருப்பது வீட்டின் அமைப்பு. கிள்ளானில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுதும் பிள்ளை பாட்டியிடம்தான். மையம் தரும் பயிற்சித் தாளோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, “பிள்ளை குழம்பும், தமிழை விட்டுவிடுங்கள்” என்று யாராவது அறிவுரை சொல்கிறார்கள். ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளை இரண்டு மொழிகள் பின்னடையச் செய்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டிக்குத் தெரிந்த ஒரே மொழியைப் பறித்தால், பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவரின் வாயையே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே, அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போங்கள். “எனக்குச் செய்துகாட்டியதை இவருக்கும் ஒருமுறை செய்துகாட்டுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். தாளில் உள்ளதைப் பாட்டியின் பேச்சுத் தமிழில் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி மண்டபமும் கல்யாணத்துக்கும் கலைவிழாவுக்கும் திறக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பெற்றோருக்காகவும் அவை திறக்கட்டும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் ஒருவர் வந்து உட்காரட்டும். சென்னையின் திறமையும் யாழ்ப்பாணத்தின் அக்கறையும் ஒரே கூரையின் கீழ் சேர, இவ்வளவு ஏற்பாடு போதும்.